முதுகுப் பேர்

அயர்லாந்துக் கடலோரத்துக் கில்ஃபாடாவில் 'கலாகர்' என்று கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். 'போனர்' என்றால் மீதிப் பாதி. ஞானஸ்நானப் பெயர்களிலாவது தாராளம் காட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. கான்டி, ஹ்யூ, டேனி, யூனன் என்று கைவிரலுக்குள் அடங்குகிற பெயர்களையே தாத்தன் பேரனுக்குக் கொடுத்து, அவன் தன் பேரனுக்குக் கொடுத்து, ஒரே தெருவில் மூன்று டேனி கலாகர்கள் மழைக்கோட்டோடு நடந்துபோவார்கள். அதனால் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர். அதிலும் இரண்டு ரகம்.

முதல் ரகம் முகத்துக்கு நேரே சொல்வது. மேட்டில் வீடு இருந்தால் மேட்டுக் கான்டி, அப்பன் துணி தைத்தவன் என்றால் தையல் டேனி. பாதிரியாரே பூசையில் அப்படிச் சொல்லித்தான் கல்யாணத்துக்கு ஓலை படிப்பார். இரண்டாவது ரகம் முதுகுப் பேர். உடையவன் எழுந்து போய், கதவு சாத்தி, அவன் பூட்ஸ் சத்தம் அடங்கிய பிறகு சொல்வது. ஊர் முழுக்கப் புழங்கும். அந்த வீட்டுக்காரன் காதில் மட்டும் விழாது, விழவும் கூடாது. குடிகாரன்கூட இந்த விஷயத்தில் நிதானம் தவற மாட்டான்.

துறைக்குப் பக்கத்தில் குடியிருந்த கான்டி கலாகர் வீட்டின் முதுகுப் பேர் 'கத்தி'. கான்டியின் தாத்தா காலத்தில், ஒரு நவம்பர்ப் புயலில், இரண்டு படகுகள் ஒரே வலைக்கயிற்றில் கட்டுண்டு கிடந்தன. ஒன்று, தாத்தாவின் படகு, திரும்பி வந்தது. மற்றதில் போன போனர் சகோதரர்கள் வரவே இல்லை. வந்த படகில் கிடந்த கயிற்று நுனி நைந்து அறுந்ததாக இல்லை, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது என்று யாரோ பார்த்தார்களாம். வெட்டாவிட்டால் இரண்டு படகும்தான் போயிருக்கும் என்று நியாயம் சொன்னவர்களும் உண்டு. பேருக்கு நியாயம் தெரியுமா? அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது.

மேனஸ் ஹெகர்ட்டி மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன். டிம்ப்னாவைக் கட்டி, அவள் அப்பா விட்டுப்போன வீட்டுக்கும் ஆடுகளுக்கும் வந்து சேர்ந்த வீட்டோடு மாப்பிள்ளை. வந்தவன் ஆட்டைப் பார்த்தோமா, அடுப்பைப் பார்த்தோமா என்று இருந்தானா? கவுன்சில் தேர்தலில் நின்றான். ஓட்டுக் கேட்கப் போகிறவனுக்கு முதல் பாடம் பேர். அதற்கு டிம்ப்னாதான் வாத்தியார். அடுப்பங்கரையில் உட்காரவைத்து, வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தாள். இது வாசலில் நின்று சொல்கிற பேர், இது செத்தாலும் வாயைத் திறக்கக்கூடாத பேர் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னாள். அவன் ஜெயித்ததில் பாதி தன் பங்கு என்று அவளுக்கு உள்ளூர எண்ணம். வெளியில் சொல்லிக்கொண்டதில்லை.

ஜெயித்தபிறகு மேனஸ் தொடக்க உரைக்குப் பேர்போனவனாகிவிட்டான். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரையா, கால்பந்து மைதானத்துக்கு வேலியா, முதலில் மைக்கைப் பிடிப்பது அவன்தான். காகிதம் வைத்துக்கொள்ள மாட்டான். ஐரிஷில் நாலு வார்த்தை சொல்வான். ஐந்தாவது வார்த்தை அவனுக்கும் தெரியாது, கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கும் தெரியாது. அப்புறம் பாதிரியார், அப்புறம் வந்திருக்கிற பெரிய மனுஷர், அப்புறம் நிலம் கொடுத்தவர், டிராக்டர் கொடுத்தவர், சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவியவள் வரைக்கும் ஒருத்தர் விடாமல் நன்றி. ஒரு பேரை விட்டால் ஒரு வீடு போச்சு என்பது டிம்ப்னாவின் வாக்கு. அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கு முந்தின நாளும் அடுப்பங்கரையில் ஒத்திகை நடக்கும். அவன் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு பேசுவான். அவள் கைவேலையை நிறுத்தாமல் திருத்துவாள்.

புதுப் படகுத்துறைத் திறப்பு விழாவுக்கும் அப்படித்தான் நடந்தது. அந்தத் துறை மேனஸ் வாழ்க்கையிலேயே செய்த ஒரே உருப்படியான காரியம் என்று அவன் எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், கான்டியின் ஒரே மகன் யூனன், நண்டுக்கூடு எடுத்துவிட்டுத் திரும்பும்போது, ஊர் பார்த்துக்கொண்டிருக்கவே முழுகிப்போனான். கரை கல்லெறி தூரத்தில் இருந்தது. படகை இழுத்து ஏற்றச் சரிவு இல்லை, பாசி பிடித்த பழைய படிக்கட்டுதான். அலை அவனைப் படியில் அடித்தது, பிறகு எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து மேனஸ் கவுன்சிலில் வேறு பேச்சே பேசவில்லை. மேசை மேசையாக அலைந்து அந்தச் சரிவைக் கட்ட வைத்தான். யூனன் பேரையே அதற்கு வைக்கவும் சம்மதம் வாங்கினான்.

ஒத்திகையன்று டிம்ப்னா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வெளியே சாரல். மேனஸ் கரண்டியோடு அடுப்புக்கும் சன்னலுக்கும் நடந்தான். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நின்றான்.

"ரிப்பன் வெட்ட கான்டி கலாகரைக் கூப்பிடணும். ஆனா மேட்டுக் கான்டியும் முன்வரிசையிலதான் நிப்பாரு. நிலம் குடுத்தவரு. அவருக்குக் காது வேற மந்தம். குழம்பிடுமே, எந்தக் கான்டின்னு?"

"கத்திக் கான்டிதான், வேற யாரு" என்றாள் டிம்ப்னா. சொன்னது போதாதென்று தோல்சீவியை ஆட்டிக்கொண்டே சிரித்தாள். "ரிப்பன் வெட்டக் கத்தியைத்தானே கூப்பிடணும்."

அவனும் சிரித்தான். நல்ல வேடிக்கைதானே, யாருக்குத் தெரியப்போகிறது, சுவருக்கும் பானைக்கும்தானே? உருளைக்கிழங்கு வெந்தது, பன்றிக்கறியும் முட்டைக்கோசும் சாப்பிட்டார்கள், படுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து ஊரே துறையில் கூடியது. தென்மேற்குக் காற்று. துணை அமைச்சர் வழக்கம்போலத் தாமதம். வந்தவர் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மீன் கொட்டகை வேனின் மேல் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வட்டார வானொலிக்காரப் பையன் ஒருவன் பஞ்சு சுற்றிய மைக்கை நீட்டிக்கொண்டு நின்றான். ரிப்பன் வெட்டுவதற்கு டிம்ப்னா தன் தையல் கத்திரிக்கோலை, சிவப்புப் பிடி போட்டதை, கையில் தயாராக வைத்திருந்தாள். கான்டியும் அவர் மனைவி பெல்லாவும் கறுப்புக் கோட்டில் முன்வரிசையில் நின்றார்கள். பெல்லா இரண்டு வருஷத்தில் பாதியாகிப் போயிருந்தாள்.

மேனஸ் அன்று பேசிய பேச்சு இருக்கிறதே, அதைச் சொல்லியே ஆகவேண்டும். அத்தனை நன்றாகப் பேசினான். நாலு வார்த்தை ஐரிஷ், பாதிரியார், அமைச்சர் எல்லாம் சீக்கிரம் முடித்துக்கொண்டு யூனனைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அவன் சின்ன வயதில் தேவாலய மணியை நேரங்கெட்ட நேரத்தில் அடித்து ஊரை எழுப்பியதைச் சொன்னபோது பெல்லாவே சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் கைக்குட்டையைத் தேடினார்கள். டிம்ப்னாவுக்கு நெஞ்சு விம்மியது. என் புருஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்ப இந்தத் துறையைத் திறந்துவைக்க, நம்ம கான்டி கலாகர் வரணும்" என்றான் மேனஸ்.

பாதியைக் காற்று கொண்டுபோயிற்று. மேட்டுக் கான்டியின் மந்தக் காதில் மிஞ்சியது அவர் பேர் மட்டும். நிலம் கொடுத்தவர், கூப்பிடாமல் இருப்பார்களா என்று மனுஷர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு விறுவிறுவென்று ரிப்பனை நோக்கி நடந்தார். இரண்டு பேர் கையை நீட்டித் தடுத்தார்கள், அவர் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு கை குலுக்கினார். மேனஸ் பதறிவிட்டான். பதற்றத்தில் மனுஷனுக்கு நாக்கில் எது மேலாக இருக்கிறதோ அதுதான் வரும்.

"நீங்க இல்ல, கான்டி! கத்திக் கான்டி!"

ஒலிபெருக்கி அதை வாங்கி விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஒருத்தர் அசையவில்லை. பாதிரியார் தன் காலணியைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த போனர் வீட்டுக் கிழவி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அமைச்சர் மட்டும் ஒன்றும் புரியாமல் புன்னகையோடு நின்றார். மேனஸ் வாயைத் திறந்தபடி நின்றான், அவன் முகம் வெந்த நண்டு நிறத்துக்குப் போயிருந்தது.

கான்டி மனைவி பக்கம் ஒரு தடவை திரும்பினார். பிறகு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார். மடக்குக் கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் திறந்தார். "இருக்கு, இருக்கு. எப்பவும் பையிலதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்து, ரிப்பனை ஒரே இழுப்பில் வெட்டினார்.

அப்புறம்தான் கூட்டத்துக்கு மூச்சு வந்தது. பாவம், மனுஷருக்குப் புரியவில்லை, ரிப்பன் வெட்டக் கத்தி கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்! எல்லோரும் கை தட்டினார்கள். தட்டினார்கள், தட்டினார்கள், நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று பயந்தமாதிரி தட்டிக்கொண்டே இருந்தார்கள். டிம்ப்னா கத்திரிக்கோலைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். பெல்லா கை தட்டவில்லை. அவள் டிம்ப்னாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மேனஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். டிம்ப்னா காத்திருந்தாள், 'நீ சொல்லிக்கொடுத்ததுதானே, உன் வேடிக்கைதானே' என்று அவன் சொல்லுவான் என்று. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். இரண்டு பேரும் சண்டை போட்டுக் கொஞ்சம் ஆறியிருப்பார்கள்.

"என் வாயில வந்ததுதானே" என்றான் அவன். "வேற யாரைச் சொல்ல?"

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது.

மறுநாள் மீன் கொட்டகையில் பெல்லாவின் இடம் காலியாக இருந்தது. கொட்டகையில் கானாங்கெளுத்தி வெட்டும் நீள மேசையில் டிம்ப்னாவும் பெல்லாவும் பக்கத்துப் பக்கத்தில் நின்று நரைத்தவர்கள். பெல்லா வேறு ஊர்ப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த மேசைக்கு வந்தாள். அன்று யாரோ ஒருத்தி "அந்தக் கத்தியைக் கொடு" என்று கேட்க, இன்னொருத்தி அவள் விலாவில் இடிக்க, "அந்த அலகைக் கொடு" என்று மாற்றிக் கேட்டாள். அன்றிலிருந்து பெல்லா இருக்கிற மேசையில் கத்திக்கு 'அலகு' என்றுதான் பேர். மீன் வெட்டுகிற இடத்தில் கத்தி என்ற சொல்லே கிடையாது, பாருங்கள். பெல்லா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி என்று ஒருநாள் டிம்ப்னாவைத்தான் தனியாகக் கேட்டாள். டிம்ப்னா அப்போது சின்னப் பெண், வாய் நிற்காது. புயல், கயிறு, போனர் சகோதரர்கள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பெல்லா வெளுத்துப்போய்க் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "கான்டிக்குத் தெரியாது. அவருக்குத் தெரியவே கூடாது." அன்றிலிருந்து அந்தப் பேர் வீட்டுவாசல் தாண்டாமல் காவல் காத்தவள் அவள்.

மதிய இடைவேளையில் கொட்டகை வானொலியில் வட்டாரச் செய்தி வந்தது. புதுத் துறை திறந்தார்கள் என்று சொல்லிவிட்டு, மேனஸின் குரலை அப்படியே போட்டார்கள். நீங்க இல்ல, கான்டி! கத்திக் கான்டி! செய்தி வாசித்தவன் நகரத்துக்காரன் போலிருக்கிறது, ரசித்துச் சிரித்தான். பேருக்கு ஏற்றபடி கத்தியாலேயே வெட்டினாராம் என்றான். நம் கிராமத்து மனிதர்களின் வெள்ளந்தித்தனம் என்று வேறு ஏதோ சொன்னான். யாரோ ஓடிப்போய் அணைத்தார்கள். அடுத்த நாள் காலையில், சிரிப்புத் துணுக்குகளோடு அதையே மறுபடி போட்டார்கள்.

கான்டி வீட்டில் வானொலி பகல் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும். கடல் வானிலை கேட்கிற வீடு அது.

மேனஸ் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினான். அவர்கள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, மாறாக அவனையே கூப்பிட்டார்கள். "வியாழக்கிழமை வந்து நேர்ல பேசுங்கன்னு சொல்றான்" என்றான் டிம்ப்னாவிடம். "போய் மன்னிப்புக் கேட்டுடறேன். ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னவன் ஊர் முழுக்கக் கேட்கத்தான் மன்னிப்பும் கேட்கணும். என்ன சொல்லணும்னுகூட யோசிச்சு வச்சுட்டேன்." கரண்டியை எடுக்கவில்லை, ஆனால் எழுந்து நின்றுவிட்டான்.

"நான் முதல்ல அந்த வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள் அவள்.

சோடா ரொட்டி சுட்டு, சூடு ஆறாமல் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். சாவுக்கும் நோய்க்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அந்த ஊரில் ரொட்டிதான். இதற்கு என்ன கொண்டுபோவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெல்லா வீட்டுப் பின்புறம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் உள்ளே கூப்பிடவில்லை. ஈரச் சட்டை ஒன்றை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மேனஸை நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். "அவன் மலைக்கு அந்தப் பக்கத்து ஆளு. அவனுக்கு அந்தப் பேர் எப்படித் தெரியும்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும், டிம்ப்னா. உன் அடுப்பங்கரையில எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சீங்களோ."

டிம்ப்னா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ரொட்டித் துணியை இறுக்கிச் சுற்றினாள்.

"என் பக்கத்துலயே நின்னு, என்கிட்ட அலகு அலகுன்னு சொல்லிட்டு, வீட்டுக்குப் போய்..." பெல்லா சட்டையை மறுபடி உதறி மடித்தாள். "சரி, போகட்டும். என் பிள்ளைக்காக ஓடி ஓடிக் கட்டினதும் அவன்தான். அதையும் மறக்கலை. ஒண்ணு மட்டும் கேளு. அவர் கத்தியை எடுத்தாரு பாரு, அவருக்கு ஒண்ணும் புரியலை. கடவுள் செயல். வானொலில வர்றப்ப எல்லாம் நான் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கிட்டு நிக்கிறேன். இப்ப உள்ள போனா உன்னைக் கேப்பாரு. கேட்டா நீ பொய் சொல்லணும். நல்லா சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் டிம்ப்னா.

உள்ளே கான்டி அடுப்பருகில் நண்டுக்கூட்டுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ரொட்டியை முகர்ந்து பார்த்து, இன்னும் உன் அம்மா கைப்பக்குவம் போகலை என்றார். தேநீர் வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள், கொட்டகையில் மீன் வரத்து பற்றிப் பேசினார்கள். டிம்ப்னா ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தாள்.

"நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் கான்டி, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னிக்கு மேனஸ் ஏன் கத்திக் கத்தின்னான்?"

பெல்லா தேநீர்ப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

"அதை ஏன் கேக்கறீங்க, கான்டி" என்றாள் டிம்ப்னா. பொய் அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்படி வழுக்கிக்கொண்டு வந்தது. "கத்திரிக்கோலை நான்தான் எடுத்துட்டுப் போகணும். மேசை மேலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன். அவனுக்கு அந்த நேரத்துலதான் ஞாபகம் வந்துச்சு. உங்ககிட்ட எப்பவும் கத்தி இருக்குமேன்னு... பதட்டத்துல அப்படி உளறிட்டான். வீட்டுக்கு வந்து என்னைத் திட்டினான் பாருங்க, அப்பப்பா."

"அதான் நானும் நினைச்சேன்" என்றார் கான்டி. "பெல்லா, பாத்தியா, நான் சொன்னேன்ல? கத்திரிக்கோல் இல்லைன்னு."

பெல்லா பாத்திரத்தை இறக்கி வைத்தாள். அவள் முகத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக இறுக்கம் விட்டது. டிம்ப்னாவின் கோப்பையில், கேட்காமலேயே, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். புதன்கிழமை வேலைக்கு வருவதாகவும் சொன்னாள். ஒரு பொய்யாவது ஒழுங்காகச் சொன்னோமே என்று டிம்ப்னாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

கான்டி அவளோடு வெளிவாசல் வரை வந்தார். அங்கிருந்து பார்த்தால் புதுச் சரிவு தெரியும். கம்பத்தில் வெட்டுப்பட்ட ரிப்பனின் பாதி இன்னும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கதவுக் கொக்கியைப் பிடித்தபடி, வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கத்திரிக்கோல் உன் கையிலதான் இருந்துச்சு, புள்ள" என்றார். "சிவப்புப் பிடி. நான் பார்த்தேன்."

அவள் கை தானாகக் கோட்டுப் பக்கம் போயிற்று.

"பள்ளிக்கூடத்துக்குப் போன பையனுக்குத் தெரியாத பேரா? முதல் வருஷமே ஒருத்தன் சண்டையில சொல்லிட்டான். எங்கப்பாகிட்டப் போய்க் கேட்டேன். அவரு எதுவும் மறைக்காமச் சொன்னாரு. அப்புறம் பார்த்தா, ஊரே எனக்குத் தெரியக்கூடாதுன்னு எவ்வளவு சிரமப்படுது. நான் கடைக்குள்ள நுழைஞ்சா அத்தனை பேரும் ஒரே நேரத்துல மழையைப் பத்திப் பேசுவாங்க. இவ்வளவு பாடுபடறாங்களே, அதைக் கெடுப்பானேன்னு நானும் தெரியாதமாதிரியே இருந்துட்டேன்."

"கான்டி, நான்தான்..." என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டினார்.

"அது கிடக்கட்டும். பெல்லா வேற ஊர்க்காரி. அவளுக்கு அந்தப் பேர் தெரியாது. தெரிஞ்சிருந்தா கத்தி வீட்டுல வாழ வந்திருப்பாளா? பிள்ளையையும் அந்தக் கடல்லயே குடுத்துட்டு நிக்கிறா. தாத்தன் செஞ்சதுக்குக் கொள்ளுப்பேரனைக் கடல் எடுத்துக்கிச்சுன்னு எவளாவது வந்து அவ காதுல ஓதினா தாங்கமாட்டா. மைக்குல அந்தப் பேர் வந்ததும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தேன், முகம் செத்துப்போச்சு. புரிஞ்சிடுமோன்னு பயமாயிடுச்சு. ஏதாவது செய்யணுமேன்னு கையைப் பையில விட்டேன்."

டிம்ப்னா அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலை பின்னிப் பின்னிக் காய்த்த கை.

"மேனஸ் வானொலில மன்னிப்புக் கேக்கப் போறதா ஊர்ல பேச்சு" என்றார். "நல்ல மனசுதான். ஆனா வேண்டாம்னு சொல்லு. எதுக்கு மன்னிப்புன்னு அவ கேப்பா."

திரும்பி வருகிற வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. டிம்ப்னா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொள்ளவும் மறந்து நடந்தாள். அந்த இருவரும் ஒருவருக்கொருவர் காவல். நடுவில் நின்று இரண்டும் தெரிந்தவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். போய் இருவரிடமும் சொல்லிவிட்டால் ஒருவேளை நல்லதாகவே முடியலாம், முடியாமலும் போகலாம். ஆனால் வாயைத் திறக்கிற தகுதி தனக்கு இல்லை என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லை இதுவரை இரண்டு தடவை கொட்டியாகிவிட்டது, பெல்லாவிடம் ஒன்று, மேனஸிடம் ஒன்று, இரண்டும் அவள் கொட்டியது.

மேனஸ் வாசலிலேயே காத்திருந்தான். சவரம் செய்து, வியாழக்கிழமைக்கென்று வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருந்தான்.

"வானொலிக்குப் போகாதே" என்றாள்.

"ஏன்? என்ன சொன்னாரு?"

அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாப் பேரையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே அடுப்பு. அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"ஏன்னு கேக்காதே, மேனஸ். போனா அந்த வீடு உடையும். அவ்வளவுதான் சொல்லுவேன்."

"அப்ப நான் எப்பத்தான் மன்னிப்புக் கேக்கறது?"

"கேக்க முடியாது."

மேனஸ் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கினான். பிறகு வெள்ளைச் சட்டையைக் கொண்டுபோய் அலமாரியில் மாட்டினான். பேச்சை நம்பி வாழ்ந்தவன், பேச வேண்டிய ஒரே பேச்சைப் பேச முடியாமல் போனவன். ஊர் அதைப் புரிந்துகொள்ளுமா? தவறு யாருக்கும் வரும், ஒரு மன்னிப்புக் கேட்கக்கூட மனசு வராதவன் என்ன மனுஷன் என்று பேசினார்கள். வாசலில் வணக்கம் சொன்னவர்கள் தலையை மட்டும் அசைத்தார்கள். அறுவடைச் சந்தையைத் திறந்து வைக்க வேறு கவுன்சிலரைக் கூப்பிட்டார்கள். மேனஸ் கடைசி வரிசையில் நின்று கை தட்டினான். அடுத்த தேர்தலில் அவன் நிற்கவே இல்லை.

அந்த வாரப் புதன்கிழமை பெல்லா சொன்னபடி வேலைக்கு வந்தாள். ரப்பர் பூட்ஸும் மெழுகுத்துணி ஏப்ரனுமாகத் தன் இடத்தில், டிம்ப்னாவுக்குப் பக்கத்தில், நின்றாள். மீன் வந்துகொண்டே இருந்தது.

"வாசல்ல அவ்வளவு நேரம் என்ன பேசினாரு?" என்றாள் பெல்லா, தலை நிமிராமல்.

"உருளைக்கிழங்கைப் பத்தி" என்றாள் டிம்ப்னா. "இந்த வருஷம் கறுப்பு நோய் விழுந்திருக்காம்."

"ஆமா, அதையேதான் சொல்லிட்டிருக்காரு." பெல்லாவுக்கு நிம்மதி. "நல்லா சொன்ன நேத்து. நான்கூட நம்பிட்டேன்."

அந்த நேரத்தில் மேசைக் கோடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பெண், பிளாஸ்டிக் பட்டையை அறுக்க முடியாமல் இந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அந்தக் கத்திரிக்கோலைக் கொஞ்சம்..." பக்கத்தில் நின்ற தையல் டேனியின் மனைவி அவள் விலாவில் இடித்தாள். பெண் டிம்ப்னாவைப் பார்த்தாள், சட்டென்று முகம் சிவந்தாள். "அந்த... அந்த வெட்டுறதைக் கொஞ்சம் குடுங்க" என்றாள்.

மேசை முழுக்க ஒரே நேரத்தில் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

டிம்ப்னா ஐஸுக்குள் கையை விட்டு அடுத்த மீனை எடுத்தாள். தன் வீட்டு முதுகுப் பேர் எதுவும் காதில் விழாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள். அது எப்படி வைத்துக்கொள்வது என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. பெல்லா கையை நீட்டி, கத்திரிக்கோலை எடுத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.